பார்த்து வரைந்த சூரியன், கணக்கிட்டு வரைந்த விண்மீன்

இரண்டு படங்களை அருகருகே வைத்துக்கொள்வோம். ஒன்று, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பிடித்த பழைய கண்ணாடித் தட்டு. கால்சியம் அணு உறிஞ்சும் ஊதா ஒளியில், 393 நானோமீட்டர் அலைநீளத்தில் மட்டும் எடுத்த சூரியன். அதன் நடுக்கோட்டின் இருபுறமும் வெண்திட்டுகள் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. மற்றொன்று, சப்தரிஷி மண்டலத்துக்கு அருகே உள்ள ஆல்ஃபா-2 கேனம் வெனாட்டிக்கோரம் என்ற விண்மீனின் உருண்டைப் படம். அதன் பரப்பில் குரோமியம் எங்கே குவிந்திருக்கிறது, யூரோப்பியம் எங்கே குறைந்திருக்கிறது என்று நிறம் தீட்டிக் காட்டுவது. இரண்டிலும் திட்டுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் காந்தப்புலம் இருக்கிறது. இரண்டும் நிறமாலைக் கோடுகளிலிருந்து பிறந்தவை. ஆனால் முதற்படம் காட்டுவது வெப்பம், இரண்டாவது காட்டுவது பொருள். முதற்படத்தை எடுத்தவர் சூரியனை நேரே பார்த்தார். இரண்டாவது படத்தின் பரப்பை எந்தக் கண்ணும் கண்டதில்லை. அது முழுக்க முழுக்கக் கணக்கில் பிறந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் படித்தால் இரண்டு படங்களையுமே தவறாகப் படிப்போம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது படத்தில் உள்ளதுபோன்ற விண்மீன்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. புதுச்சேரியில், முதலியார்பேட்டை போல வீடும் விளக்கும் நெருங்கிய பகுதியின் மொட்டை மாடியிலிருந்துகூட, சித்திரை மாத இரவில் பத்து மணி வாக்கில் வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சப்தரிஷிகள் ஏழு பேரும் தெரிவார்கள். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்லிக் கைகாட்டுகிறோமே, அந்த வசிஷ்டரை அடுத்து நிற்பவர் அங்கிரஸ். பரப்பில் தனிமங்கள் திட்டுத்திட்டாகப் பிரிந்து கிடக்கும் காந்த விண்மீன்களில் வானிலேயே பிரகாசமானது இந்த அங்கிரஸ்தான். சுமார் 5.09 நாளில் ஒருமுறை தன்னைச் சுற்றிக்கொள்ளும் அதன் பரப்பில் ஆக்சிஜன், குரோமியம், இரும்பு, கால்சியம் முதலியவற்றின் பரவலை ஆய்வாளர்கள் ஏற்கெனவே வரைந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நாம் அருந்ததியைத் தேடி வந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இந்த இயலின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று நின்றிருக்கிறது.

சப்தரிஷிகளின் வால் வளைவுக்கும் நம் தலை உச்சிக்கும் இடையில் தனித்துத் தெரிவது ஆல்ஃபா-2 கேனம் வெனாட்டிக்கோரம். கோர் கரோலி என்றும் சொல்வார்கள். நான் ஒப்பிட எடுத்துக்கொள்வது இதைத்தான். இதன் காந்தப்புலம் பல ஆயிரம் காஸ் வலிமையுள்ளது. இதன் வரலாறும் நீளமானது. 1897-இல் ஹார்வர்டில் அண்டோனியா மௌரி இதன் நிறமாலையில் சிலிக்கான் கோடுகள் வழக்கத்தைவிடத் தடித்தும், கால்சியத்தின் கே கோடு (கொடைக்கானல் தட்டுக்குரிய அதே 393 நானோமீட்டர் கோடு) மெலிந்தும் இருப்பதைக் குறித்து வைத்தார். 1906-இல் லுடென்டார்ஃப் இதன் கோடுகள் மாறுவதைக் கண்டார். 1913-இல் ரஷ்யாவின் பெலோபோல்ஸ்கி அந்த மாற்றம் ஐந்தரை நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது என்று காட்டினார். விண்மீனில் காந்தம் என்ற பேச்சே அப்போது எழவில்லை.

சூரியனின் கதை இதற்கு முன்பே தொடங்கியது. அதன் ஒரு முக்கியக் காட்சி நம் பக்கத்தில் நடந்தது. 1868 ஆகஸ்டு 18-இல் முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த ழான்சென் குண்டூரில் நிறமாலைமானியுடன் காத்திருந்து, சூரிய விளிம்பில் எழும் செந்நாக்குகள் பிரகாசமான கோடுகளைத் தருவதைப் பார்த்தார். மறுநாள் கிரகணம் இல்லாமலேயே அதே கோடுகளைக் கொண்டு அவற்றைப் பார்த்தும் காட்டினார். ஒற்றைக் கோட்டின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால், கண் கூசும் சூரியனின் மறைந்த அடுக்குகள் வெளிப்படும் என்ற எண்ணத்துக்கு அது வித்து. பின்னாளில் அவர் நிறுவிய மெதோன் ஆய்வகம் இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு முறை வரும். பிரெஞ்சு வானியலுக்கும் நம் கரைக்கும் உள்ள உறவென்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு 1769 ஜூன் 4 காலையில் வெள்ளிக் கடவை மேகத்தில் பறிபோன லெ ழான்தீயின் நினைவுதான் முதலில் வரும். குண்டூரில் வென்ற ழான்சென்னையும் அவருக்குப் பக்கத்தில் வைத்து நினைக்க வேண்டும்.

கொடைக்கானலில் நடந்தது ழான்சென்னின் வழியில் அடுத்த அடி. சென்னை வானாய்வகத்தின் பணி 1899-இல் மலைக்கு மாறியது. ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவியைக் கொண்டு கால்சியம் படங்கள் 1904 முதல் சேரத் தொடங்கின. அது வேலை செய்யும் விதம் எளிது. சூரிய பிம்பத்தின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் ஒரு பிளவு உள்ளே விடும். அந்த ஒளி நிறமாலையாக விரியும். இரண்டாவது பிளவு அதிலிருந்து கே கோட்டை மட்டும் கடத்தும். பிம்பம் முதற்பிளவின் மேல் நகர நகர, பின்னால் உள்ள தட்டில் கீற்றுக் கீற்றாகச் சூரியன் எழுதப்படும். சில நிமிடங்களில் படம் முடிந்துவிடும். தட்டின் ஒவ்வொரு புள்ளியும் சூரியனின் ஒரு குறிப்பிட்ட இடம். நடுவே ஊகம் எதுவும் இல்லை. இப்படி நூற்றாண்டுக்கும் மேலாக, 2007 வரை கே கோட்டுப் படங்கள் தொடர்ந்தன.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே செய்த கண்டுபிடிப்பை நான் இந்த ஒப்பீட்டின் அச்சாணி என்பேன். முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் ஜீமன் விளைவால் பிளவுபடுவதைக் கண்டு, அங்கே சுமார் 3,000 காஸ் காந்தப்புலம் இருப்பதை நிறுவியிருந்தார். புள்ளிகளில் சுழல் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எவர்ஷெட் தேடியதும் அதைத்தான். ஆனால் அவர் அளந்த கோட்டு நகர்வுகள் வேறொன்றைச் சொல்லின. சூரியத் தட்டின் நடுவில் உள்ள புள்ளியில் நகர்வு தெரியவில்லை. விளிம்பை நெருங்கும் புள்ளியில் தெரிந்தது. அப்படியானால் வாயு மேலும் கீழும் ஓடவில்லை, பரப்பை ஒட்டிக் கிடையாக, புள்ளியின் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. வேகம் விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். அலைநீள நகர்வையும் உருண்டையின் வடிவியலையும் சேர்த்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தின் திசையைக் கண்டுபிடித்த தருக்கம் அது. விண்மீன் பரப்பை வரைபவர்கள் பிற்பாடு கையாண்டதும் இதே தருக்கம்தான். எவர்ஷெட்டுக்குத் தட்டு முழுதும் கண்முன் இருந்தது. அவர்களுக்கு இல்லை என்பதே வித்தியாசம்.

எவ்வளவு இல்லை என்பதை எண்ணில் சொன்னால்தான் உறைக்கும். சூரியனின் தட்டு வானில் அரைப் பாகை அகலம். கோர் கரோலி சூரியனைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரியது. ஆனால் சுமார் 115 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அதன் தோற்ற அகலம் சூரியத் தட்டில் ஏறத்தாழ முப்பது லட்சத்தில் ஒரு பங்குதான். நம் காற்றுமண்டலம் எந்த விண்மீனையும் இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிதாகக் கலைத்துப் பரப்பிவிடுகிறது. தொலைநோக்கியின் ஆடியை எவ்வளவு பெரிதாக்கினாலும் தரையிலிருந்து அது ஒரு புள்ளிதான். புள்ளிக்கு இடமும் வலமும் கிடையாது. ஆனால் புள்ளியின் ஒளியைப் பிரித்தால் வரும் நிறமாலைக் கோட்டுக்கு அகலம் உண்டு. வரைபடம் அந்த அகலத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

விண்மீன் சுழல்வதால் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிப் போகிறது. வரும் விளிம்பின் ஒளி நீலப் பக்கம் நகரும், போகும் விளிம்பின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். ஆக, அகன்ற கோட்டின் ஒவ்வொரு இழையும் விண்மீனின் ஒரு செங்குத்துப் பட்டையைக் குறிக்கிறது. அந்தப் பட்டையில் குரோமியம் மிகுந்திருந்தால் கோட்டில் அந்த இடம் ஆழமாகும். வீராம்பட்டினம் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதை இருட்டில் தூரத்திலிருந்து பார்ப்பவர், ராட்டினத்தையே காணாவிட்டாலும் விளக்குகளின் ஓட்டத்தைக் கொண்டு எது விளிம்பில் இருக்கிறது, எது அச்சை ஒட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இங்கும் அப்படித்தான். நடுக்கோட்டில் உள்ள திட்டு, கோட்டின் நீலக் கரையில் தோன்றிச் சிவப்புக் கரைவரை முழு அகலமும் கடந்து மறையும். துருவத்தை ஒட்டிய திட்டு கோட்டின் நடுப்பகுதியிலேயே குறுகலாக ஊசலாடும். கடக்கும் நேரம் தீர்க்கத்தைச் சொல்கிறது, கடக்கும் அகலம் அட்சத்தைச் சொல்கிறது.

கோர் கரோலியில் விளிம்பின் வேகம் நம் பார்வைத் திசையில் விநாடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். நீலக் கரையிலிருந்து சிவப்புக் கரைவரை 36. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் எஷெல் நிறமாலைமானியை எடுத்துக்கொள்வோம். அதன் பகுதிறன் பிளவு வைக்காமல் சுமார் 27,000. இந்த நிலையில் 11 கிலோமீட்டர் வேக வேறுபாட்டைத்தான் பிரிக்க முடியும். விண்மீனின் முகத்தில் மூன்றே பட்டைகள் கிடைக்கும். குறுகிய பிளவை வைத்துப் பகுதிறனை 72,000-க்கு உயர்த்தினால் எட்டுப் பட்டைகள் கிடைக்கும்; ஒளி குறையும், காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் நம் கையிருப்பு. கொடைக்கானல் தட்டில் சூரியனின் முகம் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக விரிகிறது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கோர் கரோலி ஒருமுறை சுழல 5.46939 நாள் ஆகிறது. ஒரே ஆய்வகத்திலிருந்து இரவுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு இரவும் சுழற்சியில் 0.183 பங்கு நகர்ந்திருக்கும். பதினோரு இரவில் கிட்டத்தட்டச் சரியாக இரண்டு சுற்று முடியும். அந்தப் பதினோரு பார்வைகளும் விண்மீனைச் சுற்றி ஏறக்குறையச் சம இடைவெளியில் விழும். வரைபடத்துக்கு வேண்டியது அதுதான். வடகிழக்குப் பருவமழை விலகி, ஜவ்வாது மலை வானம் தெளியும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் இந்த விண்மீன் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு ஏறுகிறது. மேகம் ஓர் இரவைக் கெடுத்தாலும் அதே முகம் பதினோரு இரவு கழித்துத் திரும்பி வரும். லெ ழான்தீக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

ஒப்பீட்டின் உள்மையம் கால்சியம். கொடைக்கானல் தட்டில் வெண்திட்டு தெரியும் இடத்தில் கால்சியம் அதிகமில்லை. சூரியனின் ஒளிமண்டலத்தில் எங்கு எடுத்தாலும் கால்சியத்தின் விகிதம் ஒன்றுதான். சூரியனின் வெளிப்புறம் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஆழம்வரை கொதித்துப் புரண்டுகொண்டே இருக்கிறது. அந்தப் புரளல் எல்லாவற்றையும் கலந்துவிடும். வெண்திட்டு சொல்வது வேறு செய்தி: அங்கே காந்தப்புலம் மேலெழுந்து, நிறமண்டலத்தைச் சூடாக்கியிருக்கிறது; சூடேறியதால் கே கோட்டின் நடுவில் ஒளி கூடியிருக்கிறது. ஆகவே அந்தத் தட்டுகள் காந்தத்தின் வரைபடங்கள். சூரியக் காந்தத்தை ஒழுங்காக அளக்கும் கருவிகள் வருவதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் அந்தக் காந்தம் எப்படிப் பரவியிருந்தது என்று இன்று மீட்டுப் பார்க்க அவை உதவுவது இதனால்தான். சூரியப் புள்ளியிலும் கதை இதேதான். சுற்றுப்புறத்தைவிட அது ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பாகை குளிர்ந்த இடம். 1995-இல் அங்கே நீராவியின் கோடுகள்கூட அடையாளம் காணப்பட்டன. நீர் மூலக்கூறு சிதையாமல் நிற்கும் அளவுக்கு அங்கே குளிர்ந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆக்சிஜன் அங்கே கூடுதலாக இல்லை.

கோர் கரோலியில் இதே வாசிப்பு செல்லாது. சுமார் 11,600 கெல்வின் வெப்பமுள்ள அந்த விண்மீனின் மேலடுக்கு கொதிப்பதில்லை, அசையாமல் கிடக்கிறது. அதை மேலும் அசையாமல் பிடித்து வைத்திருப்பது காந்தப்புலம். அந்த அமைதியில்தான் அணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. ஈர்ப்பு கீழே இழுக்கிறது, உள்ளிருந்து பாயும் ஒளி மேலே தள்ளுகிறது. நிறமாலைக் கோடுகள் மிகுந்த அணு, ஒளியை அதிகம் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். ஹீலியம் போன்றது அமிழும். 1970-இல் ஜார்ஜ் மிஷோ எடுத்துச் சொன்ன இந்த விளக்கமே இன்றுவரை நிற்கிறது. அணுக்கள் நகர்வது எறும்பூரும் வேகத்துக்கும் குறைவு. ஆனாலும் கலக்க யாரும் இல்லாததால், இவ்வகை விண்மீன்கள் சிலவற்றில் யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்கள் சூரியனில் உள்ளதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சேர்ந்துவிடுகின்றன. எச்.டி. 125248 என்ற விண்மீனில் யூரோப்பியக் கோடு தடிக்கும்போது குரோமியக் கோடு மெலிகிறது, 9.3 நாள் சுழற்சியில் இரண்டும் எதிரெதிராக ஏறி இறங்குகின்றன. வெப்ப வேறுபாடு மட்டும் காரணமானால் இப்படித் தனிமத்துக்குத் தனிமம் எதிர்த்திசையில் போகாது. ஆகவே இங்கே கோட்டின் மாற்றம் பொருளின் மாற்றம். மௌரி கண்ட மெலிந்த கே கோடும் இந்தக் குடும்பத்துச் செய்தியே.

ஒரே கே கோடு சூரியனில் சூட்டைச் சொல்கிறது, காந்த விண்மீனில் சரக்கிருப்பைச் சொல்கிறது. படிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த விண்மீனின் மேலடுக்கு கொதிக்கிறதா, கிடக்கிறதா என்பதைத்தான். இதற்கு ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டும். சூரியனின் ஒளிமண்டலத்தில்தான் கலவை சீரானது. அதற்கு மேலே கொரோனாவில் இரும்பு, மக்னீசியம் போல எளிதில் மின்னேறும் தனிமங்கள் சில பகுதிகளில் மூன்று நான்கு மடங்குவரை கூடியிருக்கின்றன. காந்தம் அங்கேயும் சலிக்கிறது. ஆனால் அது மிக மெல்லிய வெளியடுக்கு. விண்மீனின் பரப்பையே கூறுபோடும் சலிப்பு வேறு.

காந்தத்தின் தன்மையும் இரண்டிலும் வேறு. சூரியனில் அது கொதிப்பிலிருந்து பிறந்து, சிக்குண்டு, வெடித்து, பதினோரு ஆண்டில் ஏறித் தணிகிறது. கோர் கரோலியில் அது பிறப்பிலோ இளமையிலோ உறைந்துபோன பழம்புலம் என்று கருதப்படுகிறது. 1947-இல் ஹொரஸ் பாப்காக், 78 வெர்ஜினிஸ் விண்மீனில் சுமார் 1,500 காஸ் புலம் இருப்பதாக அறிவித்தபோதுதான் சூரியனுக்கு அப்பால் காந்தம் முதன்முறையாக அளக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதே ஹொரஸ் தம் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து சூரியனின் மெலிந்த பொதுப்புலத்தை அளக்கும் கருவியையும் செய்தார். இரு துறைக்கும் ஒரே கை. 1950-இல் ஸ்டிப்ஸ், சுழலச்சிலிருந்து சாய்ந்த காந்த அச்சு கொண்ட விண்மீன் சுழல்வதால்தான் புலம் மாறுவதுபோல் தெரிகிறது என்று விளக்கினார். ஐந்து முதல் பத்து விழுக்காடு ஏ, பி வகை விண்மீன்களில் இப்படிப்பட்ட வலிய, நிலைத்த புலம் உண்டு. அது பெரும்பாலும் 300 காஸுக்கு மேல் இருக்கும், சிலவற்றில் 30,000-ஐயும் தாண்டும்.

இந்த நிலைத்தன்மைதான் வேலையின் முறையையே மாற்றிவிடுகிறது. சூரியனை வரைந்த படம் சில வாரத்தில் பழசாகிவிடும். இன்றைய திட்டு அடுத்த சுற்றில் இருக்கும் என்று உறுதி இல்லை. அதனால் சூரியனுக்கு வேண்டியது இடைவிடாத தொடர். கொடைக்கானலில் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு காலையும் மேகம் விலகக் காத்திருந்து தட்டை ஏற்றிய பெயர் தெரியாத உதவியாளர்களின் உழைப்புக்கு அறிவியலில் இணை குறைவு. கோர் கரோலிக்கோ பெலோபோல்ஸ்கி கண்ட காலமுறை நூறாண்டு கடந்தும் அப்படியே ஓடுகிறது. 2014-இல் சில்வெஸ்டர், கோச்சுகோவ், வேட் ஆகியோர் புதிய கருவிகளால் எடுத்த அளவீடுகளைப் பத்தாண்டுக்கு முந்தையவற்றோடு ஒப்பிட்டு, காந்த அமைப்பு மாறவில்லை என்று காட்டினார்கள். அங்கே வேண்டியது நீண்ட தொடரல்ல, குறையற்ற ஒரு சுற்று.

எல்லா விண்மீனும் இப்படி நிலைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. நம் உத்திரட்டாதியின் இரு விண்மீன்களில் ஒன்றான ஆல்ஃபா ஆந்த்ரோமீடாவின் பரப்பில் பாதரசத் திட்டுகள் உண்டு. அவை ஏழாண்டில் உருமாறியதை 2007-இல் கோச்சுகோவும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்டார்கள். அதில் வலிய காந்தப்புலம் எதுவும் அகப்படவில்லை. பிடித்துவைக்கக் காந்தம் இல்லாத இடத்தில் திட்டு மெல்ல நகர்கிறது என்று நான் படிக்கிறேன்.

இப்போது நம்பகத்தின் கேள்விக்கு வருவோம். கோட்டின் வடிவத்திலிருந்து பரப்பை மீட்பது தலைகீழ்க் கணக்கு. பரப்பு தெரிந்தால் கோட்டை எளிதில் கணிக்கலாம். கோட்டிலிருந்து பரப்புக்குப் போகும்போது ஒன்றல்ல, கணக்கற்ற பரப்புகள் அதே கோட்டைத் தரும். 1950-களில் ஆர்மின் டாய்ச் இதைக் கையால் தொடங்கிவைத்தார். 1977-இல் சோவியத் ஒன்றியத்தில் வேரா கோக்லோவாவும் கணித அறிஞர்களும், திகனோவ் வகுத்த ஒழுங்குபடுத்தும் முறையைக் கையாண்டு கணினியில் தீர்த்தார்கள். அளவீட்டுக்குப் பொருந்தும் பரப்புகளில் மிக எளியதை, தேவையற்ற மேடுபள்ளம் இல்லாததைத் தேர்வதே அந்த முறை. அதாவது வரைபடத்தில் தெரியும் வழவழப்பில் ஒரு பகுதி விண்மீனுடையது, மறுபகுதி நாம் விதித்த நிபந்தனையுடையது. கொடைக்கானல் தட்டில் இப்படி ஒரு கூட்டுச் சொத்து கிடையாது.

காந்தத்தையும் சேர்த்து வரைய வழி திறந்தது மெதோனில். தொலைவில் இருக்கும் விண்மீனில் வடமுனையும் தென்முனையும் அருகருகே இருந்தால் காந்தம் ஒளி அலையின் அதிர்வுத் திசையில் பதிக்கும் ஒழுங்கின், அதாவது தளவிளைவின், எதிரெதிர்க் குறிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் விண்மீன் விரைந்து சுழன்றால் டாப்ளர் நகர்வு அவற்றைக் கோட்டின் வெவ்வேறு இழைகளில் பிரித்து வைக்கும் என்பதை 1989-இல் மேயர் செமெல் எழுதினார். ஜீமன்–டாப்ளர் வரைவு என்று அதற்குப் பெயர். வட்டத் தளவிளைவோடு நேர்கோட்டுத் தளவிளைவையும் அளந்தபோது கோர் கரோலியின் புலம் எளிய இருமுனைப் புலமல்ல, நுண்ணிய கட்டமைப்புடையது என்று 2010-இல் தெரிந்தது.

வரைபடங்களுக்கும் கோட்பாட்டுக்கும் இடையில் இன்று ஒரு வழக்கு நடக்கிறது. அதன் ஒரு தரப்பும் மெதோனில்தான். காந்தக் கோடுகள் பரப்புக்குக் கிடையாக ஓடும் இடத்தில் மின்னேறிய அணுக்கள் மேலும் கீழும் போக முடியாமல் தேங்கும். ஆகவே உலோகங்கள் காந்த நடுக்கோட்டை ஒட்டி வளையமாகச் சேரவேண்டும் என்பது ஜார்ஜ் அலேசியானும் மார்ட்டின் ஸ்டிஃப்டும் செய்த கணக்குகளின் முடிவு. ஆனால் வரையப்பட்ட பல விண்மீன்களில் தனிமங்கள் அந்த வளையத்துக்குக் கட்டுப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் கிடக்கிறது. வரைவு முறை தனிமங்கள் மேலிருந்து கீழ்வரை சீராக இருப்பதாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவை உயரத்துக்கு உயரம் அடுக்கடுக்காகப் பிரிந்துள்ளன. அந்தக் குறை படத்தைக் கோணலாக்கியிருக்கலாம். கோட்பாடு விட்டுவிட்ட விண்மீன் காற்றோ மெல்லிய ஓட்டமோ பரவலை மாற்றியிருக்கலாம். என் தீர்ப்பு இது: காந்தப்புலத்தின் பெரிய வடிவத்தையும், தனிமங்களின் பெரிய திட்டுகளையும் நம்பலாம், வெவ்வேறு கருவிகளும் வெவ்வேறு கோடுகளும் அவற்றை ஒன்றுபோலக் காட்டுகின்றன. சிறு திட்டுகளின் மேல், தனிமம் பல்லாயிரம் மடங்கு ஏறியதாகக் காட்டும் ஓரங்களின் மேல், இன்னும் எடை ஏற்றக் கூடாது.

சூரியனைக் கொண்டு இந்த முறையைச் சோதித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. சூரியனின் விளிம்பு வேகம் விநாடிக்கு 2 கிலோமீட்டர்தான்; கொதிப்பால் கோடு அகல்வதே அதற்கு ஈடாகிவிடும். மொத்தப் புலமோ ஒரு காஸ் அளவு. கோர் கரோலியின் இடத்தில் சூரியனைக் கொண்டுபோய் வைத்தால், நாம் எல்லாவற்றையும்விட நன்றாக அறிந்த இந்த விண்மீனின் ஒரு புள்ளியைக்கூட இந்த முறையால் வரைய முடியாது. கண்ணுக்கு எட்டியது கணக்குக்கு எட்டவில்லை, கணக்குக்கு எட்டியது கண்ணுக்கு எட்டவில்லை. இரண்டையும் இணைக்கும் பாலமாக இருப்பது மீண்டும் கே கோடுதான். சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஆலின் வில்சனுடன் சேர்ந்து 1957-இல், குளிர்ந்த விண்மீன்களில் கே கோட்டின் நடுவே எழும் ஒளியின் அகலம் அந்த விண்மீனின் உண்மைப் பிரகாசத்தைச் சொல்கிறது என்று காட்டினார். 1960-இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்த பாப்புதான் விண்மீன்களுக்கென்று காவலூரைத் தேடி எடுத்தார். அங்கே 1986-இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது. வில்சனோ 1966 முதல் 91 விண்மீன்களின் கே கோட்டைத் தொடர்ந்து அளந்து, சூரியனைப் போலவே அவற்றுக்கும் ஏறி இறங்கும் சுழற்சிகள் உண்டென்று கண்டார். வடக்கே நைனிதாலிலிருந்து 1997-இல் தென்னாப்பிரிக்காவுடன் சேர்ந்து தொடங்கிய தேடல், இதே காந்த விண்மீன் குடும்பத்தில் 7.6 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் எச்.டி. 12098-ஐக் கண்டுபிடித்தது.

கொடைக்கானல் தட்டுகள் இன்று எண்மமாக்கப்பட்டுப் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றன. கோர் கரோலி உட்பட நூற்றுக்கணக்கான விண்மீன்களின் தளவிளைவு நிறமாலைகளைப் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் போலார்பேஸ் என்ற களஞ்சியத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். புதுச்சேரிக் கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர் இருவருக்கு இவ்விரண்டையும் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் ஒரு மாதத்துத் தட்டுகளில் கால்சியத் திட்டுகள் சூரியனைக் கடப்பதை அளக்கட்டும். மற்றவர் ஒரு குரோமியக் கோட்டில் பள்ளம் நீலக் கரையிலிருந்து சிவப்புக் கரைக்கு நகர்வதைக் குறிக்கட்டும். இருவரும் தத்தம் திட்டின் தீர்க்கத்தையும் அட்சத்தையும் கண்டு சொல்லட்டும். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம்; ஒரு கணினியும் ஒரு பருவத்து நேரமும் போதும்.